தள்ளுபடி உண்டு, கேட்டால்

நகராட்சியில் 34 வருடம் குப்பை கொட்டியவன் நான். துப்புரவுப் பிரிவில் இல்லை. வருவாய்ப் பிரிவிலும் உரிமப் பிரிவிலும். இளநிலை உதவியாளராகச் சேர்ந்து மேலாளராக ஓய்வு பெற்றேன். அதனால் எந்த ஊருக்குப் போனாலும், கோயிலுக்கு அடுத்தபடியாக அந்த ஊர் நகராட்சி அலுவலகத்தை ஒரு எட்டு பார்த்துவிடுவது வழக்கம். என் மனைவி இதைத் தலையெழுத்து என்று விட்டுவிட்டாள். டெக்சாஸில் மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்தபோது, வேடிக்கை பார்க்க இல்லாமல் வேலையாகவே போக வேண்டி வந்தது. அந்த ஊர் சிட்டி ஹாலில் இருக்கும் பெர்மிட் கவுன்டரைப் பற்றித்தான் இந்த விமர்சனம். ஊர் பெயரைச் சொல்லப்போவதில்லை. ராணுவ முகாம் ஒன்றை ஒட்டிய ஊர், அவ்வளவு போதும்.

மகன் மேல்படிப்புக்கு என்று போனவன், அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்துவிட்டான். மாவ்னி என்று ஒரு திட்டம் அப்போது இருந்தது. கிரீன் கார்டு இல்லாதவர்களையும், குறிப்பிட்ட சில மொழிகள் தெரிந்தால் சேர்த்துக்கொள்வார்கள். அந்தப் பட்டியலில் தமிழும் இருந்தது. 2016-இல் புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். இவன் அதற்கு முன்பே உள்ளே போய்விட்டான். பயிற்சி முடிந்த கையோடு குடியுரிமை. “தமிழ் படிச்சா என்ன கிடைக்கும்னு கேட்டீங்களேப்பா” என்று போனில் சிரித்தான்.

2024 மார்ச்சில் வீட்டுக்குப் பின்னால் நிழலுக்கு ஒரு கூரை போடுவதற்கு பெர்மிட் வாங்கினான். பேட்டியோ கவர் என்கிறார்கள். நம் பாஷையில் தாழ்வாரம் இறக்குவது. கட்டணம் 95 டாலர். ஏப்ரலில் குழி தோண்டி, இன்ஸ்பெக்டர் வந்து ஆழத்தைப் பார்த்து ஒப்புதல் கொடுத்து, கான்கிரீட் ஊற்றி, நான்கு மரத்தூண்களையும் நட்டாயிற்று. மே முதல் வாரத்தில் குவைத்துக்கு உத்தரவு, ஒன்பது மாதம். போய்விட்டான். மருமகளுக்கு அப்போது மூன்று மாதம். நாங்கள் அக்டோபரில் போய் இறங்கினோம். நவம்பரில் பேத்தி பிறந்தாள். தூண்கள் நான்கும் வாழை மரம் கட்டாத கல்யாண வீட்டுப் பந்தல் மாதிரி நின்றன.

பிள்ளை பிறந்து பதினைந்தாம் நாள் நகராட்சியிலிருந்து கடிதம். ‘உங்கள் பெர்மிட் காலாவதியாகிவிட்டது. புதிதாக விண்ணப்பிக்கவும், கட்டணம் 95. காலாவதியான பெர்மிட்டுக்கான தனிக் கட்டணம் 75.’ அதே வாரத்தில் இன்னொன்று. வீட்டில் திருடன் வந்தால் அலறுகிற அலாரம் இருக்கிறதே, அதற்கும் அங்கே வருடா வருடம் பெர்மிட் எடுக்க வேண்டும். அலாரம் தப்பாக அடித்துப் போலீஸ் வீணாக ஓடி வருவதைக் கட்டுப்படுத்துவதற்காம். வீட்டு அலாரத்துக்கு வருடத்துக்கு 50 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது என்று மாநிலச் சட்டமே வரம்பு வைத்திருக்கிறது. இந்த ஊரில் 25. செப்டம்பரில் புதுப்பிக்காததால் தாமதக் கட்டணம் இன்னொரு 25. நினைவூட்டல் அனுப்பினார்களா என்றால், அனுப்பியிருக்கிறார்கள். மகனுடைய பழைய கல்லூரி மின்னஞ்சலுக்கு.

ஆக 220 டாலர். பணம் பெரிதில்லை என்று மருமகள் சொன்னாள். ராத்திரி இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் எழுந்து பால் கொடுக்கிற பெண் வேறென்ன சொல்வாள்? கட்டித் தொலைத்துவிடலாம் என்றுதான் இருந்தோம்.

அப்புறம் மூன்றாவதாக ஒரு கடிதம் வந்தது. தபால்காரர் மணி அடித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார். இது நகராட்சி இல்லை, ஹெச்.ஓ.ஏ. என்கிற குடியிருப்புச் சங்கம். அமெரிக்காவில் இருப்பவர்களிடம் ஹெச்.ஓ.ஏ. என்று சொல்லிப் பாருங்கள், மாமியார் பெயரைச் சொன்ன மாதிரி முகம் போகும். புல் நான்கு விரற்கடை வளர்ந்தால் கடிதம், குப்பைத் தொட்டி ஒரு நாள் கூடுதலாக வெளியே நின்றால் கடிதம். இப்போது ‘முடிக்கப்படாத கட்டுமானம், சரிசெய்யாவிட்டால் அபராதம்’ என்று வந்திருந்தது.

நான் எந்த நோட்டீஸையும் அடியிலிருந்து மேலே படிப்பவன். மேலே இருப்பது மிரட்டல், அடியில் இருப்பதுதான் விஷயம். நாமே ஆயிரக்கணக்கில் எழுதியிருக்கிறோம், தெரியாதா? அந்தக் கடிதத்தின் அடியில் ஒரு வரி இருந்தது. வீட்டு உரிமையாளர் ராணுவத்தில் செயல்பணியில் (முழுநேரப் பணியில்) இருந்தால், சர்வீஸ்மெம்பர்ஸ் சிவில் ரிலீஃப் ஆக்ட் உள்ளிட்ட கூட்டரசுச் சட்டங்களின்படி அவருக்குச் சிறப்பு உரிமைகளோ நிவாரணமோ இருக்கலாம் என்று.

“என்னம்மா இது?” என்றேன்.

மருமகள் வாங்கிப் பார்த்தாள். “தெரியல மாமா. எல்லா லெட்டர்லயும் போடுவாங்க போல.”

நகராட்சியின் இரண்டு கடிதங்களையும் எடுத்து வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முன்னும் பின்னும் திருப்பினேன். அவற்றில் அந்த வரி இல்லை.

சங்கத்துக்காரர்களுக்கு நல்ல மனசு என்று நினைக்காதீர்கள். டெக்சாஸ் சொத்துச் சட்டத்தின் 209-ஆவது அத்தியாயம், அபராதம் போடுவதற்கு முன் அனுப்பும் நோட்டீஸில் இந்த வரி இருந்தே ஆக வேண்டும் என்கிறது. அதனால் போட்டிருக்கிறார்கள். நகராட்சியின் பெர்மிட் கடிதத்துக்கு அப்படி யாரும் கட்டளை போடவில்லை, அதனால் போடவில்லை. ஊரே ராணுவக் குடும்பம். கடைக்குக் கடை சிப்பாய்களுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி என்று பலகை. நகராட்சிக் கடிதத்தில் ஒரு வரிக்கு மட்டும் இடமில்லை.

முகாமுக்குள்ளே சட்ட உதவி அலுவலகம் ஒன்று உண்டு. சிப்பாய்களுக்கும் குடும்பத்தாருக்கும் இலவசம். ஒன்பது நாள் கழித்து நேரம் கொடுத்தார்கள். அது ஒன்றுதான் குறை. மற்றபடி ஐந்துக்கு ஐந்து. ஒரு கேப்டன், சின்ன வயசுப் பெண், மூன்று கடிதங்களையும் வாங்கி வரிசையாக மேசையில் அடுக்கினார். அடுக்கிய விதத்திலேயே எனக்கு மரியாதை வந்துவிட்டது.

அவர் சொன்னதை மருமகள் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். இந்தச் சட்டத்துக்கு மூலம் 1918-இல், முதல் உலகப் போரின்போது வந்தது. 1940-இல் மறுபடி எழுதினார்கள். இப்போதிருக்கும் வடிவம் 2003 டிசம்பரில் கையெழுத்தானது. பணியில் சேருமுன் வாங்கிய கடனுக்கு ஆறு சதவீதத்துக்கு மேல் வட்டி கேட்கக் கூடாது, வாடகை ஒப்பந்தத்தை அபராதமில்லாமல் முறிக்கலாம், வழக்குகளில் ஆள் இல்லாத நேரத்தில், கோர்ட் அவருக்கு ஒரு வக்கீலை நியமிக்காமல் ஒருதலையாகத் தீர்ப்பு வாங்க முடியாது, இப்படி நிறைய. ஆனால் கொல்லைப்புறத் தாழ்வாரத்துப் பெர்மிட் என்று அதில் எங்கும் எழுதியிருக்காது என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மாநிலச் சட்டத்திலும் வழி இருக்கிறது, வேறு வேறு இடத்தில். போர்க் காலத்திலோ தேசிய அவசரநிலைக் காலத்திலோ செயல்பணியில் இருப்பவர் சொத்துவரி பாக்கி வைத்தால், பணி முடிந்து விடுவிக்கப்பட்ட அல்லது திரும்பி வந்த 60 நாட்களுக்குள் வட்டியும் அபராதமும் இல்லாமல் கட்டலாம். அந்த மாநிலத்தில் ஜனவரி 31 தாண்டினால் முதல் மாதமே ஆறு சதவீத அபராதம், ஒரு சதவீத வட்டி என்று ஏறும். ஜூலை வந்தால் அபராதம் மட்டும் 12 சதவீதம். ஆகையால் இது சின்னச் சலுகை இல்லை. (எங்களுக்கு உதவவில்லை. வீட்டுக்கடன் தவணையோடு சேர்த்து வங்கியே வரியைப் பிடித்துக் கட்டிவிடுகிறது.) மாநில அரசு தரும் தொழில் உரிமங்களுக்கும் அப்படியே, ராணுவப் பணியால் புதுப்பிக்கத் தவறியவரிடம் கூடுதல் கட்டணம் வாங்கக் கூடாது என்று தொழில் சட்டத்தின் 55-ஆவது அத்தியாயம் சொல்கிறது. எலக்ட்ரீசியன் லைசென்ஸ் என்றால் தப்பித்திருப்போம். தாழ்வாரம் என்பதால் மாட்டிக்கொண்டோம்.

ஆனால் கேப்டன் ஒரு நல்ல வழி காட்டினார். பெரும்பாலான அமெரிக்க ஊர்கள் வீடு கட்டுவதற்குப் பின்பற்றும் விதித்தொகுப்பில், 180 நாள் வேலை நடக்காவிட்டால் பெர்மிட் செத்துவிடும். அதற்கடுத்த வாக்கியத்திலேயே, தகுந்த காரணம் காட்டி எழுத்தில் கேட்டால் கட்டட அதிகாரி ஒவ்வொரு முறையும் 180 நாள் வரை நீட்டிக்கலாம் என்றும் இருக்கிறது. நகராட்சிக் கடிதம் முதல் வாக்கியத்தை மட்டும் எடுத்துப் போட்டிருந்தது. “அப்புறம் உங்க ஊர் கட்டணப் பட்டியலைக் கடைசி வரைக்கும் படிங்க” என்றார்.

வீட்டுக்கு வந்து படித்தோம். பதினோரு பக்கம். நீச்சல் குளம், கராஜ் சேல், பட்டாசு, பெட்டிக்கடை என்று எதற்கும் ஒரு கட்டணம். பதினோராம் பக்கத்தில், அடிக்குறிப்பில், எறும்பு எழுத்தில்: ராணுவப் பணி நிமித்தம் வெளியூரில் இருக்கும் குடியிருப்பாளரின் தாமதக் கட்டணங்களைத் துறைத் தலைவர் தள்ளுபடி செய்யலாம்.

செய்ய‘லாம்’. இந்த ‘லாம்’தான் 34 வருடம் எனக்குச் சோறு போட்டது.

டிசம்பர் நடுவில் கவுன்டருக்குப் போனோம். இடம் அருமை. ஏழெட்டு நாற்காலி, குளிர்ந்த தண்ணீர், கண்ணாடிக் கிண்ணத்தில் புதினா மிட்டாய். டோக்கன் கிடையாது, கூட்டமும் கிடையாது. மதியம் பன்னிரண்டு முதல் ஒன்று வரை மூடிவிடுகிறார்கள், பலகை எதுவும் இல்லாமல். நாங்கள் 12:05-க்குப் போய்ச் சேர்ந்து, பிள்ளையோடு காரிலேயே ஒரு மணி நேரம் இருந்தோம். அரை நட்சத்திரம் அதற்கே போச்சு.

கவுன்டரில் இருந்தது ஒரு இளைஞன். மருமகள் சொன்னதும் “உங்கள் கணவரின் சேவைக்கு நன்றி” என்றான். மனசாரத்தான் சொன்னான். அடுத்து, “அப்படி ஒரு தள்ளுபடி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை” என்றான். பதினோராம் பக்கத்தைக் காட்டினோம். படித்துவிட்டு மறுபடி நன்றி சொன்னான். பணி உத்தரவின் நகல் வேண்டும் என்றான். மருமகள் தயாராகத்தான் கொண்டுபோயிருந்தாள். யூனிட் விவரமும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் இருந்த இடத்தைக் கறுப்பு மையால் அடித்திருந்தாள். அடித்த நகலை வாங்க மாட்டேன் என்றான். அடிக்காத நகலைத் தர மாட்டேன் என்று இவள். இரண்டு பக்கமும் நியாயம்தான். கவுன்டர் சண்டைகளில் பாதி இப்படித்தான்.

அப்போதுதான் இவளுக்குக் கேப்டன் சொன்னது ஞாபகம் வந்தது. ஒருவர் செயல்பணியில் இருக்கிறாரா என்று பார்த்துச் சொல்வதற்கென்றே பாதுகாப்புத் துறையின் இணையதளம் ஒன்று இருக்கிறது. பெயரும் பிறந்த தேதியும் போட்டால் சான்றிதழே வந்துவிடும், காசு கிடையாது. போனிலேயே எடுத்து, கவுன்டர் மின்னஞ்சலுக்கு அனுப்பினாள். இரண்டு நிமிஷம். அவன் ஆச்சரியப்பட்டுப் போனான். ராணுவ ஊரின் பெர்மிட் கவுன்டரில் இருப்பவனுக்கு இதை ஒரு கைக்குழந்தைக்காரி சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அடுத்த சிக்கல் கணினி. தாமதக் கட்டணத்தைப் பூஜ்யமாக்க ஒரு கோட் எண் வேண்டுமாம். அது யாருக்கும் தெரியவில்லை. உள்ளே போனான், வந்தான், இன்னொரு அம்மாவைக் கூட்டி வந்தான். அந்த அம்மா மானிட்டருக்குப் பின்னால் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். எனக்கு என் பழைய கேட்பு, வசூல், நிலுவைப் பதிவேடு கண்ணில் வந்து நின்றது. அபராதத்துக்கு அதில் தனிக் கட்டம் உண்டு, தானாக ஏறும். தள்ளுபடிக்குக் கட்டம் கிடையாது. மன்றத் தீர்மான எண்ணைச் சிவப்பு மையில் ஓரத்தில் எழுத வேண்டும். கட்டம் இல்லாத சலுகை யாருக்குக் கிடைக்கும்? தேடி வருபவனுக்கு.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியாது. 1999, நான் வேலூர்ப் பக்கம் ஒரு நகராட்சியில் உரிமப் பிரிவில் இருந்தேன். அந்தப் பக்கம் தெருவுக்குத் தெரு பட்டாளத்துக்காரர்கள். மாவு மில் வைத்திருந்த ஒரு பெண், ஜூலை மாதம், கார்கில் செய்திகள் வந்துகொண்டிருந்த நேரம், டி அண்டு ஓ லைசென்ஸ் (ஆபத்தோ தொல்லையோ தரக்கூடிய தொழில்களுக்கு நகராட்சி தரும் உரிமம்) புதுப்பிக்க வந்தார். மார்ச் 31-ஓடு முடிந்துவிட்டது. “இதெல்லாம் அவருதான் பாப்பாரு சார், இப்ப அவரு காஷ்மீர்ல இருக்காரு, லெட்டர் வந்தே ஒரு மாசம் ஆச்சு” என்றார். “எனக்கு அதிகாரம் இல்லைம்மா” என்று சொல்லி 150 ரூபாய் தாமதக் கட்டணம் போட்டு ரசீது எழுதினேன். முந்தானையில் முடிந்து வைத்திருந்த நோட்டுகளை எண்ணிக் கொடுத்தார். ரசீது புத்தகத்தில் மாவு ஒட்டியது. அதிகாரம் இல்லை என்றது உண்மைதான். ஆணையாளருக்கு அரைப் பக்கம் குறிப்பு எழுதி மேலே அனுப்ப அதிகாரம் இருந்தது. எனக்குத் தோன்றவே இல்லை. பட்டாளத்துக்காரர்களின் கோர்ட் வழக்குகளுக்கு நம்மிடமும் 1925-லேயே ஒரு சட்டம் வந்திருக்கிறது; மாவு மில் லைசென்ஸ் அதிலும் இல்லை.

சரி, கவுன்டருக்கு வருவோம். மஞ்சள் சீட்டு கிடைத்தது, ஏழாவதோ எட்டாவதோ. தாமதக் கட்டணம் பூஜ்யம் ஆனது. அலாரத்தின் சாதாரண ஆண்டுக் கட்டணம் 25 டாலர் மட்டும் கட்டச் சொன்னார்கள். அது முறைதான், மன்னிக்க வேண்டியது தாமதத்தையே தவிர கட்டணத்தை இல்லை. ரொக்கம் வாங்க மாட்டார்களாம். கார்டில் கட்டினால் மூன்று சதவீதம் கூடுதல், அதாவது 75 சென்ட். அதற்குத் தள்ளுபடி உண்டா என்று நான் கேட்கச் சொன்னேன். மருமகள் கேட்கவில்லை. “இதுக்கெல்லாம் கெஞ்சக் கூடாது மாமா.”

தாழ்வாரத்துக்கு மூன்று வாக்கியத்தில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தோம். கட்டட அதிகாரி அன்று இல்லை. நான்காம் நாள் மின்னஞ்சல் வந்தது: பெர்மிட் 180 நாள் நீட்டிக்கப்படுகிறது, கட்டணம் இல்லை, உங்கள் கணவர் பத்திரமாகத் திரும்பி வரட்டும். புதுக் கட்டணம் 95, காலாவதிக் கட்டணம் 75, இரண்டும் போயின. அந்த மின்னஞ்சலையே சங்கத்துக்கும் அனுப்பினோம், அவர்களும் அடங்கினார்கள்.

220 டாலர் என்று வந்தது 25 டாலர் 75 சென்டில் முடிந்தது. கவுன்டர் பணியாளர்கள் தங்கமான மனிதர்கள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை, நாளைக்கு வா என்று சொல்லவில்லை, பிள்ளை அழுதபோது உள்ளே ஒரு அறையைத் திறந்துவிட்டார்கள். என்னுடைய குறை அந்தக் கடிதத்தின் மேல்தான். தண்டம் வீடு தேடி வருகிறது. தள்ளுபடியை நாம் பதினோராம் பக்கம் வரை தேடிப் போக வேண்டியிருக்கிறது. எங்களுக்கு நோட்டீஸ் படிக்கிற ஒரு கிழவன் வீட்டில் இருந்தான். பக்கத்துத் தெருவில் பத்தொன்பது இருபது வயதில் தனியாகப் பிள்ளையை வைத்துக்கொண்டு இருக்கிற சிப்பாய் மனைவிகள் எத்தனை பேர். அவர்கள் கட்டித் தொலைத்திருப்பார்கள்.

வாசலில் ஆலோசனைப் பெட்டி இருந்தது. மறுமுறை போனபோது தமிழில் எழுதி, கீழே மருமகளை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லிப் போட்டேன். சங்கத்தின் கடிதத்தில் இருக்கும் வரியை உங்கள் கடிதத்திலும் அச்சிடுங்கள். கோட் எண்ணை மானிட்டருக்கு முன்னால் ஒட்டுங்கள். மதியம் மூடுவதற்கு ஒரு பலகை வையுங்கள். மூன்றே விஷயம்.

பிப்ரவரியில் மகன் வந்தான். மார்ச்சில் கூரை போட்டு முடித்தான். இறுதி ஆய்வுக்கு வந்த இன்ஸ்பெக்டர் தூணைத் தட்டிப் பார்த்து இரண்டே நிமிஷத்தில் கையெழுத்துப் போட்டார். நாங்கள் ஊர் திரும்புவதற்கு முன் ஒரு வாரம் அந்த நிழலில் உட்கார்ந்து என் மனைவி வற்றல் மிளகாயைக் காம்பு கிள்ளினாள்.

ஜூனில் மருமகள் வாட்ஸ்ஆப்பில் ஒரு படம் அனுப்பினாள். வேறு வேலையாகச் சிட்டி ஹால் போயிருக்கிறாள். கவுன்டர் கண்ணாடியில், கொஞ்சம் கோணலாக, ஒரு தாள்: குடும்பத்தில் யாராவது ராணுவப் பணியில் வெளியூரில் இருந்தால் தாமதக் கட்டணத் தள்ளுபடி பற்றி எங்களைக் கேளுங்கள். அதற்கு மேலே, 12 முதல் 1 வரை மூடியிருக்கும். கடிதத்தில் வரி வந்ததா என்று கேட்டேன். பக்கத்து வீட்டுக்கு வந்த கடிதத்தை வாங்கிப் பார்த்தாளாம், இல்லையாம்.

மூன்று நட்சத்திரம் போட்டு வைத்திருந்தேன். கண்ணாடியில் ஒட்டிய தாளுக்காக மூன்றரை. மீதியைக் கடிதத்தைப் பார்த்துவிட்டுப் போடுகிறேன்.